உழாத தண்ணீர்

1952 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, மேரிலாந்தில் செசபீக் விரிகுடாவின் மேற்குக் கரையை ஒட்டி, அமெரிக்கக் கடற்படையின் ஜெட் நீர்விமானம் ஒன்று நீரில் இறங்கும்போது உடைந்தது. விமானி லெப்டினன்ட் ரஸ் கால்டர் உயிர் பிழைத்தான். வானம் தெளிவு. காற்று இல்லை.

இவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதியவர் லெப்டினன்ட் கமாண்டர் வெர்னன் ஹாக்கெட். துறைமேடையில் நின்று தண்ணீரைப் பார்த்து, அது எப்படி இருக்கிறது என்று மேலே இருக்கும் விமானிக்குச் சொல்வது அவர் வேலை. ஒன்றரை வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அந்த விமானத்துக்கு ஒரு நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. மாலுமிகள் அதைக் கொக்கு என்றார்கள். வயிற்றுக்குக் கீழே இரண்டு நீண்ட கால்கள், கால்களின் முனையில் சறுக்குப் பலகைகள். எஞ்சின்கள் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது என்று காற்று வாங்கும் துளைகளை முதுகின் மேல் வைத்திருந்தார்கள். இறக்கையின் வரைபடம் ஒரு போட்டியில் தோற்றுப்போன தரை விமானத்துடையது. அடிவயிறு படகுபோல மிதக்கும் பழைய நீர்விமானம் ஒன்றைப் பார்த்துச் செய்தது. வருவதாகச் சொன்ன எஞ்சின் வரவில்லை என்பதால் அதைவிடச் சிறிய இரண்டைப் பொருத்தியிருந்தார்கள். சறுக்குப் பலகை அலையில் அடிபட்டு விமானத்தையே உலுக்கியபோது, டாலிவர் என்ற அந்தச் சின்னக் கம்பெனியின் பொறியாளர்கள் மண் லாரியின் ஷாக் அப்சார்பரைக் கழற்றி வந்து மாட்டினார்கள். அது வேலை செய்தது. லாரியின் பச்சைப் பெயின்ட்கூட அதிலிருந்து போகவில்லை.

இத்தனை அவசரத்துக்குக் காரணம் ரஷ்யர்கள் என்று காகிதத்தில் இருக்கும். துறைமேடையில் யாரும் ரஷ்யர்களைப் பற்றிப் பேசி ஹாக்கெட் கேட்டதில்லை. பேச்செல்லாம் விமானப்படையைப் பற்றித்தான். மூன்று வருடங்களுக்கு முன்பு, கடற்படை கட்டத் தொடங்கிய பெரிய விமானந்தாங்கிக் கப்பலை, அடிச்சட்டம் வைத்த ஐந்தாம் நாளே வாஷிங்டன் நிறுத்திவிட்டது. விமானப்படையின் குண்டுவீச்சு விமானங்கள் போதும் என்றார்கள். இந்தத் திட்டத்தின் தலைவர் கேப்டன் பிரென்டிஸ் அந்தக் கப்பலுக்குப் போக வேண்டியவர். பெட்டிகூடக் கட்டிவிட்டார் என்று சொல்வார்கள். கப்பலும் வேண்டாம், ஓடுதளமும் வேண்டாம், உலகத்தில் எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கிருந்து கிளம்பும் ஜெட் எங்களிடம் இருக்கிறது என்று காட்டுவதற்காக அவர் இரண்டு வருடம் சரியாகத் தூங்கவில்லை.

ஆனால் எல்லாத் தண்ணீரும் உதவாது. அது வெளியே சொல்லிக்கொள்ளாத விஷயம்.

செசபீக்கில் ஆகஸ்ட் மாதக் காலைகளில் காற்று செத்துப்போகும். தண்ணீர் கண்ணாடியாகிவிடும். மேலிருந்து பார்க்கிற விமானிக்குக் கீழே தெரிவது தண்ணீரா, தண்ணீரில் தெரியும் வானமா என்று பிடிபடாது. ஐம்பதடி உயரத்தில் இருப்பதாக நினைப்பான், ஐந்தடியில் இருப்பான். மெதுவாக இறங்கும் பழைய நீர்விமானங்களுக்கே இது ஆபத்து. கொக்கு மணிக்கு நூற்று நாற்பது மைல் வேகத்தில் இறங்குவது. அதனால் இறங்குவதற்கு முன் ஒரு படகு அந்தப் பாதையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடித் தண்ணீரைக் கலைத்துவிட வேண்டும். அந்த அலைக்கோடுகள்தான் விமானிக்குத் தரை.

இந்த வழக்கம் எந்தக் கையேட்டிலும் இல்லை. முதல் சோதனைக்கு முந்தின வாரம், கால்டரும் ஹாக்கெட்டும் ஓர் உணவுக்கடையில் சிப்பி சூப் குடித்துக்கொண்டே பேசி முடிவு செய்தது. நெப்ராஸ்காவில் விவசாயிகள் வீட்டில் பிறந்த கால்டர் அதற்கு உழவு என்று பெயர் வைத்தான். "உழுதாச்சா?" என்று அவன் வானொலியில் கேட்பான். "உழுதாச்சு, வா" என்று ஹாக்கெட் சொல்வார். அதைக் கேட்காமல் அவன் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

படகு எஸ்ரா பர்னெலுடையது. அறுபது வயதுக் கறுப்பர். நண்டு பிடிப்பவர். கடற்படையின் சொந்த விசைப்படகு ஒரே வேகமாகப் போய் ஒற்றைக் கோடுதான் போட்டது. எஸ்ராவின் படகு அகலம். அவருக்கு அலையை எப்படிப் பரப்ப வேண்டும் என்று தெரியும்.

அன்று காலை வாஷிங்டனிலிருந்து ஒரு குழு வந்தது. கோட்டு போட்ட மூன்று பேர். பன்னிரண்டு கொக்குகள் செய்வதா, வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். கூடவே, பார்வையாளராக விமானப்படையின் கர்னல் ஸ்டோவல். உயரமானவர், சிவந்த முகம், வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி.

வந்து இறங்கியதிலிருந்தே அவர் கேலியை ஆரம்பித்துவிட்டார். இரண்டு மாலுமிகள் ஓடுகிற எஞ்சினுக்குள் குழாயால் நல்ல தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கேப்டன், குழந்தைய குளிப்பாட்டுறீங்களா?"

"உப்பு சார். ஒவ்வொரு தடவையும் கழுவணும்," என்றார் பிரென்டிஸ்.

"எங்க விமானமும் குளிக்கும். மழை பெஞ்சா."

கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பிரென்டிஸும் சிரித்தார், கழுத்து மட்டும் சிவந்தது. ஸ்டோவல் குனிந்து காலைப் பார்த்தார்.

"இது என்னய்யா பச்சையா இருக்கு? லாரிலேர்ந்து கழட்டினதா?"

"ஆமா சார்," என்றார் ஹாக்கெட். வேறு என்ன சொல்வது.

"லாரிக்காரன் தேடலையா?"

மறுபடியும் சிரிப்பு. ஒருவர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். லாரி என்றுதான் எழுதியிருக்க வேண்டும் என்று ஹாக்கெட்டுக்குத் தோன்றியது.

கால்டர் ஏறி உட்கார்ந்தான். கிளம்புவதற்கும் உழவு வேண்டும். கண்ணாடித் தண்ணீர் பலகைகளைப் பிடித்துக்கொண்டு விடாது. எஸ்ரா வழக்கம்போலக் கயிற்றை அவிழ்த்துப் படகை எடுத்தார்.

"அந்த நண்டுப் படகு எதுக்கு?" என்று கேட்டார் ஸ்டோவல்.

எல்லாரும் ஹாக்கெட்டைப் பார்த்தார்கள். பிரென்டிஸும் பார்த்தார். உண்மையைச் சொல்வது சுலபம். பத்து வார்த்தை. ஆனால் அந்தப் பத்து வார்த்தைக்குப் பிறகு வரப்போகும் சிரிப்பு அவர் காதில் முன்கூட்டியே கேட்டுவிட்டது. உலகத்தில் எங்கே தண்ணீர் இருந்தாலும் கிளம்பும் ஜெட், ஆனால் முன்னால் ஒரு நண்டுப் படகு போக வேண்டும்.

"தண்ணில மிதக்குற கட்டைங்களைப் பாக்கறதுக்கு சார். ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு வந்துருவாரு."

"ஓ. அது நியாயம்தான்," என்றார் ஸ்டோவல். சிரிக்கவில்லை. எங்கள் ஓடுதளத்திலும் கல் பொறுக்க ஆள் உண்டு என்று சொல்லித் தலையாட்டினார். பிரென்டிஸ் ஹாக்கெட்டின் முதுகில் லேசாகத் தட்டினார்.

கொக்கு கிளம்பியது. இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒன்றாகி, பிறகு ஒன்றும் இல்லாமலாகி, சத்தம் மட்டும் மிஞ்சியது. கோட்டுக்காரர்களில் வயதானவர் வாயைத் திறந்தபடி நின்றார். ஸ்டோவல் பல்குச்சியை எடுத்துவிட்டு, "பரவால்லயே," என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தைக்காகப் பிரென்டிஸ் இரண்டு வருடம் காத்திருந்தார்.

இருபது நிமிடம் கால்டர் வானத்தில் வித்தை காட்டினான். அதற்குள் எஸ்ரா போட்ட கோடுகள் எல்லாம் கரைந்து, தண்ணீர் பழையபடி இறுகிவிட்டது. எஸ்ரா துறைமேடையின் அடியில் படகை நிறுத்தி மேலே பார்த்துக் கேட்டார்.

"போகட்டுமா சார்?"

ஹாக்கெட் பிரென்டிஸைப் பார்த்தார். பிரென்டிஸ் குரலைத் தாழ்த்தினார்.

"கட்டைதான் ஒரு தடவை பாத்தாச்சேன்னு அந்த ஆளு கேப்பான் வெர்ன். மறுபடியும் கோலம் போட்டா புரிஞ்சிடும்."

"ரஸ் கேப்பான் சார்."

"காத்து லேசா வர்ற மாதிரி இல்ல?" பிரென்டிஸ் வானத்தைப் பார்த்தார். "தண்ணி உன் பொறுப்பு. நீயே பாத்துக்கோ."

உத்தரவு என்று அதைச் சொல்ல முடியாது. பின்னாளில் ஹாக்கெட் எத்தனையோ தடவை அதை உத்தரவாக மாற்றப் பார்த்தார், மாறவில்லை.

அவர் கீழே குனிந்து, "வேண்டாம் எஸ்ரா. காத்து வருது," என்றார்.

"எங்க சார் வருது? தண்ணில ஒரு சுருக்கம்கூட இல்லையே."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

எஸ்ரா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்தில் நனைந்த காலுறைபோலத் தொங்கியது.

ஹாக்கெட்டின் காதில் ஹெட்போன். கால்டரின் குரல் அவர் ஒருவருக்குத்தான் கேட்கும். சில அடி தள்ளி ஸ்டோவல் நின்றதால் அவர் மைக்கில் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"வெர்ன், உழுதாச்சா?"

"தண்ணி சரியாத்தான் இருக்கு. வா."

கால்டர் எதிர்பார்த்த வார்த்தை அது இல்லை.

"காத்து இருக்கா?"

"லேசா இருக்கு."

"கோடு ஒண்ணும் தெரியலையே எனக்கு. சரி, நீ சொன்னா சரி. வர்றேன்."

நீ சொன்னா சரி. அதற்குப் பிறகும் பதினைந்து விநாடி இருந்தது. மேலே போ என்று கத்தியிருக்கலாம். மைக் கையில்தான் இருந்தது. ஸ்டோவல் நிழலுக்காகக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாக்கெட் வாயைத் திறக்கவில்லை.

விமானம் நேராக, அழகாக, இறங்குகிற சாய்விலேயே வந்து, மூக்கைத் தூக்காமலே தண்ணீரில் மோதியது. இடது பலகை பிய்ந்து தனியாகத் துள்ளிப் போனது. உடல் இரண்டு முறை புரண்டது. சத்தம் பிறகுதான் வந்தது.

யாரும் சொல்லாமலே எஸ்ரா படகைக் கிளப்பிவிட்டார். கர்னல் ஸ்டோவல் கோட்டைக் கழற்றி எறிந்து, துறைமேடையிலிருந்து படகுக்குள் குதித்தார். அவரும் எஸ்ராவும்தான் கால்டரை வெளியே இழுத்தார்கள்.

அன்று மத்தியானம் கடற்படை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஸ்டோவலும் ஹாக்கெட்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கர்னலின் சட்டை முழுக்க எண்ணெய். யாரோ கொடுத்த காப்பி கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"கண்ணாடித் தண்ணி," என்றார் ஸ்டோவல். "நான் மின்னசோட்டாக்காரன். எங்க மாமா ஏரில சின்ன நீர்விமானம் ஓட்டிட்டு இருந்தாரு. காத்து இல்லாத நாள்ல இறங்கறதுக்கு முன்னாடி பழைய பேப்பரக் கிழிச்சு மேலேர்ந்து வீசுவாரு. அது மிதக்குறதப் பாத்துத்தான் இறங்குவாரு. எனக்கு அப்ப பத்து வயசு, கிழிச்சுக் குடுக்கறது என் வேலை." அவர் காப்பியைப் பார்த்தார். "உங்ககிட்ட படகு ஒண்ணு சும்மா நின்னுட்டு இருந்துச்சே. ஒரு ஓட்டம் விட்டிருக்கலாமே. யாருக்கும் தோணலையா?"

இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காலையில் உண்மையைச் சொல்லியிருந்தால் விளக்கவே தேவைப்பட்டிருக்காது. ஹாக்கெட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தில்தான் அடுத்த வார்த்தை வந்தது.

"பைலட் கேக்கல சார்."

"கேக்கலையா," என்றார் ஸ்டோவல். "பாவம், இளவயசு."

சாயங்காலம் ஹாக்கெட் குறிப்பேட்டைத் திறந்து, காற்று இல்லை என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார். நீர்ப்பரப்பைப் பற்றி விமானி விசாரிக்கவில்லை. அதை எழுதிவிட்டுக் கால்டரின் மனைவி ஜோனைப் பார்க்கப் போனார். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. டப்பா சூப்பைச் சூடாக்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

விசாரணைக் குழு செப்டம்பர் முதல் வாரத்தில் கூடியது. சாட்சிகளின் பட்டியலைத் தயாரிக்கும் வேலை ஹாக்கெட்டிடம் வந்தது. எஸ்ரா பர்னெலின் பெயரை அவர் சேர்க்கவில்லை.

எஸ்ரா தானாகவே வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் உடை, கழுத்தில் டை, கையில் தொப்பி. பட்டியலில் பெயர் இல்லாத கறுப்பரை வாசல் காவலர் உள்ளே விடவில்லை. குழு கூடிய இரண்டு நாளும் படிக்கட்டுக்குக் கீழே வெயிலில் நின்றார்.

"என்னை எப்ப கூப்பிடுவாங்க சார்?"

"தேவைப்பட்டா கூப்பிடுவாங்க எஸ்ரா."

"தம்பி கேக்காம இறங்க மாட்டாரே சார். அதை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்."

ஹாக்கெட் அவரைத் தாண்டிப் படி ஏறினார். மறுநாள் பின்வாசல் வழியாக வந்தார்.

கால்டருக்கு அந்தக் காலை முழுவதும் நினைவிலிருந்து போய்விட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதுகெலும்பு எப்படி ஆகும் என்று டாக்டர்கள் சொல்லவில்லை. படுக்கையிலிருந்து அவன் சொன்னதை எழுதி வாங்கிக் குழுவில் வாசித்தார்கள். எனக்கு எதுவும் நினைவில்லை. நான் கேட்கவில்லை என்று வெர்னன் ஹாக்கெட் சொன்னால் நான் கேட்கவில்லை. தண்ணீர் விஷயத்தில் அவர் பொய் சொல்ல மாட்டார்.

அதை வாசிக்கும்போது ஹாக்கெட் மேசை விளிம்பில் இருந்த ஒரு சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு ஒரே வரி: உயரத்தைக் கணிப்பதில் விமானியின் தவறு.

பத்து நாள் அவர் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. பிறகு ஜோன் தொலைபேசியில், "உன்னை ஏன் காணோம்னு தினமும் கேக்கறான்," என்றாள். போனார்.

கால்டர் இளைத்திருந்தான். ஹாக்கெட்டைப் பார்த்ததும் சிரித்தான்.

"எங்கடா போன இத்தன நாளு? நர்சுங்க எல்லாம் கிழவிங்கன்னு யாராவது சொல்லிட்டாங்களா?"

"வேலைடா."

ஜோன் காப்பி வாங்க வெளியே போனாள். கால்டர் கூரையைப் பார்த்தபடி பேசினான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு வெர்ன். தினமும் யோசிக்கிறேன். எங்கப்பா களத்துல டிராக்டர் எடுக்கறதுக்கு முன்னாடிகூட நான் கேட்டுட்டுத்தான் எடுப்பேன். எப்படிடா கேக்காம இறங்கினேன்? மப்புல இருந்தேனா? முன்னாடி நாள் குடிச்சேனா?"

"இல்ல."

"ஜோன்கிட்ட சொல்லிட்டேன், என் தப்புதான்னு. விமானமும் போச்சு, உங்க திட்டமும் போச்சு என்னால. கேப்டன் என்னை வந்து பாக்கவே இல்ல. அவரு மேல தப்பில்ல."

"நீ கேட்டடா," என்றார் ஹாக்கெட்.

கால்டர் தலையைத் திருப்பினான்.

"கேட்ட. உழுதாச்சான்னு கேட்ட. தண்ணி சரியா இருக்குன்னு சொன்னேன். காத்து இருக்கான்னு கேட்ட. லேசா இருக்குன்னு சொன்னேன். காத்தே இல்ல. படகு கட்டிக் கெடந்துச்சு. அந்த விமானப்படைக்காரன் சிரிப்பான்னு நான்தான் வேண்டாம்னேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். ஜோன் மூன்று கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இவ முன்னாடி திருப்பிச் சொல்லு," என்றான் கால்டர்.

ஹாக்கெட் சொன்னார். முதல் தடவை வந்த வேகத்தில் இப்போது வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஜோன் தட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து சூப் குடுத்தியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஆறிடும், குடி ஜோன்னு சொன்ன."

"ஆமா."

அவள் தட்டை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"எனக்கு உன் மன்னிப்பெல்லாம் வேண்டாம்," என்றான் கால்டர். "அங்க போய் சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு. அந்த விமானப்படைக்காரனையும் கூப்பிட்டு வெச்சுட்டு சொல்லு."

விசாரணைக் குழுவுக்கு ஹாக்கெட் எழுதிய கடிதத்தை வாசித்த பிரென்டிஸ் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இதைக் குடுத்தா விமானப்படைக்காரனுங்க கையில நாமளே கத்தியைக் குடுத்த மாதிரி. படகு இல்லாம இறங்க முடியாத ஜெட்னு நாளைக்கே ஊரெல்லாம் பேசுவானுங்க."

"படகு இல்லாம இறங்க முடியாது சார்."

"எனக்குத் தெரியும்யா!" என்று கத்தினார் பிரென்டிஸ். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உனக்கு உத்தரவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றார் ஹாக்கெட். பிரென்டிஸ் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார், தடுக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கட்கிழமை, குழு மறுபடியும் கூடியது. பட்டியலில் எஸ்ரா, ஸ்டோவல் என்று இரண்டு பெயர்கள் சேர்ந்தன. எஸ்ரா பர்னெல் முதலில் பேசினார். ஐந்து நிமிடம் ஆயிற்று. காவலர் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

ஹாக்கெட் மூன்றாவது முறையாகச் சொன்னார். கட்டை என்று சொன்ன பொய்யிலிருந்து ஆரம்பித்து, குறிப்பேட்டில் சேர்த்த வரிவரை. கால்டர் சக்கர நாற்காலியில் பின்வரிசையில் இருந்தான். ஸ்டோவல் எதிரே உட்கார்ந்திருந்தார். இன்று வாயில் பல்குச்சி இல்லை. கேள்வி கேட்கலாமா என்று தலைவரிடம் அனுமதி வாங்கினார்.

"நான் சிரிப்பேன்னா பயந்தீங்க?"

"ஆமா சார்."

"சிரிச்சிருப்பேன்," என்றார் ஸ்டோவல். "அதுல சந்தேகமே வேண்டாம். வாஷிங்டன் போற வரைக்கும் சிரிச்சிருப்பேன். ஆனா படகை விடுங்கன்னும் சொல்லியிருப்பேன்."

ஹாக்கெட் நின்றுகொண்டே இருந்தார். உட்காரலாம் என்று தலைவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

குழு தன் தீர்ப்பைத் திருத்தியது. கரையிலிருந்து தரப்பட்ட தவறான தகவல் முதல் காரணம், விமானியின் கணிப்புத் தவறு துணைக் காரணம் என்று எழுதியது. இரண்டாவதையும் நீக்கும்படி கால்டர் மனுப் போட்டான், ஏற்கப்படவில்லை. டிசம்பரில் அவன் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துடன் விடுவிக்கப்பட்டான். ஹாக்கெட்டுக்கு எழுத்துமூலக் கண்டனம் தரப்பட்டது. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. கன்சாஸில் ஒரு சேமிப்புக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். வாஷிங்டன் குழு பன்னிரண்டு விமானங்களை வாங்கப் பரிந்துரைக்கவில்லை. பாதி கட்டியிருந்த இரண்டாவது விமானம் 1953 மார்ச்சில் பழைய இரும்பாக விற்கப்பட்டது.